ஜெனரேட்டர் பாட்டரியும் நமது அசட்டையும்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் வருஷத்திலும், மேட்டூர் அணை மின் நிலையம் 1937-ஆம் வருஷத்திலும் வேலை செய்யத் தொடங்கியது முதல், தமிழ்நாட்டு விவசாயம் படிப்படியாக மின்சாரத்தைச் சார்ந்ததாக மாறி வந்திருக்கிறது. கவலை மாடுகளும் ஏற்றமும் இறைத்த கிணறுகளில் இன்று மோட்டார் பம்பு இறைக்கிறது. பால் குளிர்விக்கும் தொட்டி, கோழிப்பண்ணையின் காற்றாடிகள், இறால் குட்டைகளின் காற்றூட்டும் சக்கரங்கள், கிராமத்துக் குடிநீர்த் தொட்டி ஆகிய யாவும் கம்பி வழியே வரும் மின்சாரத்தை நம்பியே இயங்குகின்றன. கம்பி அறுந்த வேளையில் கைகொடுப்பதற்காக நிலமுடையோர் பலரும், பஞ்சாயத்துகள் சிலவும், பெரும் பணம் கொடுத்து டீசல் ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். இது போற்றத்தக்க முன்யோசனையே. ஆனால் இந்த முன்யோசனை பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இரண்டு லட்சம், மூன்று லட்சம் ரூபாய் பெறும் யந்திரம், சில ஆயிரம் ரூபாய் பெறும் ஒரு பாட்டரியில் உயிரில்லாமையால் வேண்டிய வேளையில் அசையாமல் நின்றுவிடுகிறது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான் இது.

இவ்விஷயத்தைப் பற்றி நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் ஆலோசிக்க வேண்டிய சில குறிப்புகளை இங்கே எழுத விரும்புகிறேன்.

மின்சாரம் சீர்ப்பட்டதால் வந்த கேடு

முதலில் ஒரு விநோதத்தைக் கவனிக்கவேண்டும். 2012-ஆம் வருஷத்தில் சென்னையில் தினந்தோறும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வெளி ஜில்லாக்கள் பலவற்றில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றதுண்டு. அக்காலத்தில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்ற புகார் அபூர்வமாகவே என் காதில் விழுந்தது. காரணம் எளிது. எஞ்சின் தினமும் ஓடிற்று. ஓடும்போதெல்லாம் அதனோடு சேர்ந்த சிறு டைனமோ பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டிற்று. பின்னர் மின்வெட்டு குறைந்தது. ஜெனரேட்டர் கொட்டகையின் மூலையில் வாரக்கணக்காய், மாதக்கணக்காய்ச் சும்மா நிற்கத் தலைப்பட்டது. எஞ்சினுக்குக் கிடைத்த அந்த ஓய்வே பாட்டரிக்கு எமனாயிற்று. கம்பி மின்சாரம் எவ்வளவுக்கெவ்வளவு ஒழுங்காய் வருகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு பாட்டரியைக் கவனிக்க வேண்டிய பொறுப்பும் ஏறுகிறது. நம்மவர் நினைப்பது இதற்கு நேர் மாறானது.

மயிலாப்பூரில் பங்குனி உற்சவ காலத்தில் மாட வீதிகளுக்குப் போயிருப்பவர்கள், சுவாமி புறப்பாட்டின் விளக்குகளுக்காகத் தள்ளிச் செல்லப்படும் ஜெனரேட்டர் வண்டியைப் பார்த்திருப்பார்கள். பெயின்ட் உரிந்து, எண்ணெய்க் கறை படிந்த பழைய யந்திரம். ஆயினும் சொன்னவுடன் கிளம்புகிறது. அதே வீதிகளில் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களிலோ, சப்தம் வெளிவராத பெட்டிக்குள் புதுக் கருக்கு மாறாத ஜெனரேட்டர் நிற்கும். 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன; நகரில் பல இடங்களில் மின்சாரம் திரும்பச் சில நாட்கள் ஆயின. அச்சமயம் மயிலாப்பூரில் அத்தகைய கட்டடம் ஒன்றில் நான் நேரே கண்டது இது: கீழ்த்தொட்டி நிறையத் தண்ணீர், டாங்கி நிறைய டீசல், ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை. பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் சார்ஜரின் பிளக்கை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு விளக்கை மாட்டியிருந்தார்கள். கழற்றினவர் யார், எந்த மாதம் என்று கேட்டால் சொல்வாரில்லை. வாடகைக்காரனுடைய பழைய யந்திரம் கிளம்புவதும், வசதியுள்ளவர்களுடைய புது யந்திரம் கிளம்பாததும் யந்திரத்தின் குணத்தால் அல்ல. ஒன்றுக்குத் தினமும் வேலை உண்டு. மற்றொன்றுக்கு வேலையும் இல்லை, விசாரிப்பாரும் இல்லை.

நகரத்தில் இதனால் விளைவது பெரும்பாலும் அசௌகரியம். கிராமத்திலோ நஷ்டம். காற்றாடி நின்ற மூடிய கோழிக் கொட்டகையில், வெயில் வேளையில் கோழிகள் வெகு சொற்ப நேரத்தில் மடியத் தொடங்கும். இறால் குட்டையில் விடியற்காலைக்கு முன்புதான் நீரில் பிராணவாயு மிகக் குறைவாய் இருக்கும். அவ்வேளையில் சக்கரம் நின்றால் பல மாதத்து உழைப்பு ஒரே இரவில் மிதந்துவிடும். கறந்த பாலோ மறுநாள் வரை காத்திராது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. குடிநீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் கிடைத்த ஊரும், கிடைக்காத ஊரும் பட்ட பாட்டில் இருந்த பேதத்தை அந்த ஜில்லாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாட்டரி வற்றுவது எவ்வாறு

கந்தகத் திராவகத்தில் ஈயத் தகடுகளை நிறுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளான்டே என்பவர் கண்டுபிடித்தார். நாம் இன்று உபயோகிக்கும் பாட்டரியும் அதன் வழிவந்ததே. முன்னாளில் ஆயில் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினோம். உதைத்துத் திருப்பினால் மணிக்கட்டு முறியும் என்ற பயம் இருந்தாலும், அதற்குப் பாட்டரி வேண்டியதில்லை. இப்போதைய ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை பாட்டரி இன்றிக் கிளம்பா.

எஞ்சினைக் கிளப்புவதனால் பாட்டரி வற்றிவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியன்று. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் வீதம் 5 விநாடி இழுத்தாலும், செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சின் சிறிது நேரம் ஓடினாலே அது திரும்பிவிடும். பாட்டரியை வற்றச் செய்வன வேறு இரண்டு. ஒன்று, தானே கசிவது. உபயோகிக்காமல் வைத்த பாட்டரி மாதந்தோறும் தன் சேமிப்பில் ஒரு பங்கை இழக்கிறது. பழைய பாட்டரி அதிகமாய் இழக்கும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் ஏறும். நமது கோடையில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் பாட்டரியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. மற்றொன்று, மின்சாரம் நின்றவுடன் தானே கிளம்பும்படி அமைத்த ஜெனரேட்டர்களில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி. அது இரவும் பகலும் விழித்திருக்கிறது. விழித்திருக்கக் கூலி கேட்கிறது. அக்கூலி 50 மில்லி ஆம்பியரே என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36 ஆம்பியர்-மணி ஆகிறது. 65 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் ஒருவரும் தொடாமலே தீர்ந்துவிடுகிறது.

வற்றின பாட்டரியை மறுபடி ஊட்டி எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியன்று. மின்சாரம் இறங்க இறங்கத் தகடுகளின்மேல் ஒரு வெள்ளை உப்புப் படிகிறது. உடனே ஊட்டினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்காய் அப்படியே விட்டால் கெட்டிப்பட்டு, பின் எவ்வளவு ஊட்டினாலும் கரையாமல் தகட்டை மூடிக்கொள்ளும். உவர் பூத்த வயலுக்கு எருப் போடுவதை ஒக்கும் பிறகு செய்யும் செலவு. உழவு இல்லாத மாதங்களில் மாட்டுக்குத் தீனியை நிறுத்திவிட்டு, மழை பெய்த மறுநாள் ஏரில் பூட்ட நினைக்கும் விவசாயி நம்மில் ஒருவருமில்லை. பாட்டரி விஷயத்தில் மட்டும் அதையே செய்கிறோம்.

செய்ய வேண்டியவை

நிரந்தரமாய் மாட்டிய தானியங்கிச் சார்ஜர் ஒன்று ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் அவசியம். பாட்டரி நிறைந்ததும் தானே தாழ்ந்து, 12 வோல்ட் பாட்டரியைச் சுமார் 13.5 வோல்டில் வைத்துக்கொள்ளும் தரமான சார்ஜராய் அது இருக்கவேண்டும். கட்டுப்பாடின்றி ஓயாமல் ஊட்டும் மலிவுச் சார்ஜர், பாட்டரித் தண்ணீரைக் கொதித்து ஆவியாக்கித் தகடுகளைக் கெடுத்துவிடும். பட்டினி போட்டுக் கொல்வதற்குப் பதில் அஜீர்ணத்தால் கொல்வதாகும். நல்ல சார்ஜர், நிறைந்த பாட்டரியைக் காப்பதற்குச் சராசரி 10 வாட் இழுத்தாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் செலவு. அதன் பிளக்கைப் பிறர் கழற்ற இயலாதபடி தனிக் கம்பியில் நேரே இணைத்துவிடுவது உத்தமம்.

வயல் நடுவே, மின்சாரம் சில மணி நேரமே வரும் பம்புக் கொட்டகைகளுக்குச் சூரிய ஒளித் தகடு ஏற்றது. 10 வாட் தகடு ஒன்றும், மிகுதியாய் ஊட்டாமல் தடுக்கும் சிறு கருவி ஒன்றும் இருந்தால், வெயில் நாளில் இரண்டு முதல் மூன்று ஆம்பியர்-மணி கிடைக்கும். தானே கசிவதையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கூலியையும் ஈடுகட்ட இது போதும். புயலில் கம்பி அறுந்து சார்ஜரும் செத்துக் கிடக்கும் நாட்களில் இத்தகடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

மாதம் ஒருமுறை சோதனை செய்தல் வேண்டும். சார்ஜரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்டோ, அதற்குச் சற்று மேலோ காட்டவேண்டும். 12.2 காட்டினால் ஏறத்தாழ பாதி, 11.9-க்குக் கீழ் என்றால் வெறும் பெட்டி. இதனோடு திருப்தி அடைந்துவிடலாகாது. தோற்றத்தில் கொழுத்திருந்து ஏரில் பூட்டியதும் படுத்துவிடும் மாடு உண்டல்லவா? அதைப்போல, சும்மா இருக்கையில் 12.6 காட்டும் பழைய பாட்டரி, செல்ஃப் சுழன்றதும் விழுந்துவிடும். எஞ்சினைக் கிளப்பும் கணத்திலும் மீட்டரைப் பார்க்கவேண்டும். 9.6 வோல்டுக்குக் கீழ் இறங்கினால் அந்தப் பாட்டரியை நம்பி மழைக்காலத்தில் இறங்குவது புத்திசாலித்தனமன்று.

கிளப்பின எஞ்சினை ஐந்து நிமிஷம் வெறுமனே ஓட்டி நிறுத்துவது பலருடைய வழக்கம். இது சோதனையும் ஆகாது, எஞ்சினுக்கு நல்லதும் அன்று. பம்பையோ காற்றாடிகளையோ உண்மையாகவே மாட்டி, அரை மணி நேரமாவது ஓட்டவேண்டும். அப்போதுதான் பாட்டரிக்கு வேண்டிய ஊட்டமும் சேரும். டீசல் சரியாய் எரியாமல் புகைக்குழாயில் கரியும் எண்ணெயும் தங்குவதும் தவிரும்.

மூடி திறக்கும் பாட்டரிகளில் தகடுகள் நீருக்கு வெளியே தெரிய விடலாகாது. குறைந்ததை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீரையே, அதாவது கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையே, ஊற்றவேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. கடலோரக் கிராமங்களின் உப்பு நீர் பாட்டரிக்கு விஷம். திராவகத்தை ஊற்றுவதும் தவறு. ஆவியாகிப் போனது நீரே தவிரத் திராவகம் அன்று. டெர்மினல்களில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூஞ்சையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக முடுக்கி, வாசலைன் தடவி வைக்கலாம். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ் என்பதை மறக்கலாகாது. ஊட்டம் ஏறும் பாட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவருமாதலால், பீடியோ தீக்குச்சியோ அருகில் கொண்டுபோதல் ஆபத்து.

பாட்டரியைத் தரையில் வைப்பதை நிறுத்தவேண்டும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போதும், சென்னையில் கீழ்த்தளத்து யந்திரங்கள் பல நீருக்குள் போயின. ஏரி, வாய்க்கால் ஓரத்துக் கொட்டகைகளில் ஜெனரேட்டரையும் பாட்டரியையும் அவ்வூரில் கண்ட வெள்ள மட்டத்துக்கு மேலாக மேடை கட்டி வைக்கவேண்டும்.

கடைசியாக, வாங்கின மாதத்தையும் வருஷத்தையும் பாட்டரியின்மேல் பெயின்டால் எழுதிவையுங்கள். நமது சீதோஷ்ணத்தில் மூன்று, நான்கு வருஷத்துக்கு மேல் ஒரு பாட்டரியிடம் உயிர்க் காவலை ஒப்படைப்பது சரியன்று. இன்னும் கிளம்புகிறதே என்று ஐந்தாம் வருஷமும் வைத்திருப்பவர், அது கிளம்பாத நாளைத் தாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை நினைக்கவேண்டும்.

ஆட்சேபங்கள் சில

டிராக்டர் பாட்டரி இருக்கிறது, அவசரத்துக்கு அதிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பிக்கொள்ளலாம் என்பார் உண்டு. இரண்டும் 12 வோல்டாய் இருந்தால் செய்யலாம். பாசிடிவைப் பாசிடிவோடும், நெகடிவை எஞ்சின் உடலோடும் இணைக்கவேண்டும். பெரிய ஜெனரேட்டர்களில் இரண்டு பாட்டரிகளைச் சேர்த்து 24 வோல்டாய் வைத்திருப்பார்கள். அவற்றுக்கு இந்த உபாயம் செல்லாது. அன்றியும், புயலடித்த இரவில் டிராக்டர் எங்கோ ஒரு வயலில் நிற்கும். இடையில் பாதை முழுவதும் மரம் சாய்ந்து கிடக்கும். இரண்டாவது வழி இருப்பது நல்லதே. முதல் வழியைப் பாழடைய விடுவதற்கு அது நியாயமாகாது. புதிதாய்ச் சிறு எஞ்சின் வாங்குவோர், செல்ஃபோடு கைப்பிடியும் உள்ளதை வாங்குதல் மேலானது என்பது என் கருத்து.

இவ்வளவு கவனிக்க ஆளேது, நேரமேது என்பது மற்றோர் ஆட்சேபம். மாதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். விதைக்குமுன் முளைப்புத் திறன் பார்க்கும் நேரத்தை வீண் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. மயிலாப்பூர் போன்ற இடங்களில் குடியிருந்துகொண்டு செங்கற்பட்டிலும் தஞ்சாவூரிலும் நிலமும் பண்ணையும் வைத்திருப்போர், இப்பொறுப்பைக் காரியஸ்தரிடம் வாய்வார்த்தையாய் விட்டுவிடலாகாது. சோதனை நாளில் மீட்டரில் கண்ட எண்ணைத் தமக்குத் தெரிவிக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளட்டும். கேட்பவர் உண்டென்றால் பார்ப்பவர் பார்ப்பார்.

கிராம அதிகாரிகளுக்கு

சொந்த ஜெனரேட்டருக்கு உடையவர் என்று ஒருவராவது உண்டு. குடிநீர்த் தொட்டிக்கும், பால் சங்கத்துக்கும், புயல் காப்பகத்துக்கும் உள்ள பொது ஜெனரேட்டரை எல்லாரும் தமதென்பர். பாட்டரியைப் பார்ப்பார் ஒருவருமில்லை. பொது யந்திரங்கள் கெடுவதற்குப் பணமின்மையைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஆகையால் கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்து நிர்வாகிகளும் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரே ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குதல் ஒன்று. சோதனைத் தேதி, வோல்ட், ஓட்டின நேரம், டீசல் அளவு, கையெழுத்து என்னும் ஐந்து கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தைக் கொட்டகையிலேயே தொங்கவிடுதல் இரண்டு. மூன்றாம் வருஷத்துக்குப் புதுப் பாட்டரி வாங்குவதற்கான தொகையை யந்திரம் வாங்கும்போதே வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடுதல் மூன்று. யந்திரம் வாங்கித் திறப்புவிழா நடத்தப் பணம் கிடைப்பதும், பாட்டரி மாற்றப் பணம் கிடைக்காததும் நமது நிர்வாகத்துக்குப் பெருமை தருவதன்று.

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஊரிலுள்ள எல்லா ஜெனரேட்டர்களையும் ஒரே நாளில் கிளப்பிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால் மிகவும் நலம். கிளம்பாதது எது என்று பலர் முன்னிலையில் தெரிந்துவிடும். கார்த்திகை மாதத்து நள்ளிரவில் தெரிவதைவிடப் புரட்டாசி மாதத்துப் பட்டப்பகலில் தெரிவதே மேல்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் குறைவில்லை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த அணை, கொட்டகை மூலையில் தூசி படிந்து கிடக்கும் பாட்டரிதான். இதைப் படிக்கும் அன்பர்கள் நாளைக் காலையில் கொட்டகைக்குச் சென்று, சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.